கண்ணாடிப் பெட்டிக்குள் உங்கள் கண்மணி!

விடியற்காலை மூன்று மணி. பனிக்குடம் உடைந்து, கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, நர்ஸ் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, ஒருவழியாகக் குழந்தை பிறந்துவிட்டது. 'என்ன குழந்தை?' என்று கேட்க வாயெடுப்பதற்குள் பச்சைத் துணியில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு நர்ஸ் ஓடுகிறார். பின்னாலேயே வந்த டாக்டர், ''முப்பத்தோரு வாரம்தானே ஆகுது... ஒண்ணரை கிலோ இருக்கு. ஐ.சி.யு.வில் வெச்சிருக்கோம். இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது'' என்கிறார்.

மனைவி இன்னும் தியேட்டருக்குள். மாமியார் வராந்தாவில் அழுகிறார். பக்கத்து பெட் பாட்டி வேறு, ''எட்டாம் மாசக் குழந்தை தங்காதும்பாங்களே...'' என்று ஆரம்பிக்கிறார்.

முதலில் இந்தப் பாட்டி விவகாரத்தை முடித்துவிடுவோம். ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்பது நம்மூரில் மட்டுமல்ல, பழைய கிரேக்கர்களிடமும் இருந்த நம்பிக்கை. சுத்தத் தப்பு! சிக்கல் ஏதும் இல்லாதவரை, தாய் வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். 31 வாரத்தில் பிறந்த குழந்தை 28 வாரத்தில் பிறந்ததைவிட எவ்வளவோ தெம்பானது.

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதக் குழந்தை. இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. இரண்டும் ஒன்றல்ல. நிறைமாதத்தில் இரண்டு கிலோவாகப் பிறப்பது வேறு, 33 வாரத்தில் இரண்டு கிலோவாகப் பிறப்பது வேறு. சொந்தக்காரர்கள் எல்லோரும் 'எத்தனை கிலோ?' என்றுதான் கேட்பார்கள். டாக்டர் முதலில் பார்ப்பது 'எத்தனை வாரம்?' என்பதை!

சரி, குழந்தைக்கு என்னதான் பிரச்னை?

பெரும்பாலும் மூச்சு. நுரையீரலுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள், மூச்சை வெளியே விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே சோப்பு நுரை மாதிரி ஒரு வழுவழுப்பான பூச்சு வேண்டும். 'சர்ஃபாக்டன்ட்' என்று பெயர். இது போதுமான அளவு ஊறுவது ஏறக்குறைய 34, 35 வாரத்துக்கு மேல்தான். அதற்கு முன் பிறந்துவிட்டால், ஒவ்வொரு மூச்சும் புது பலூனை முதல்முறை ஊதுகிற மாதிரி! நெஞ்சு உள்வாங்கி, முனகி முனகிக் குழந்தை களைத்துவிடும்.

1963 ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பேட்ரிக் என்று பெயர். ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தவன். எடை சுமார் 2.1 கிலோ. நாட்டின் தலைசிறந்த டாக்டர்கள், பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி, என்ன இல்லை? ஆனாலும் 39 மணி நேரம்தான் இருந்தான். இந்தப் பூச்சு இல்லாததுதான் காரணம் என்பதை மேரி எலன் ஏவரி என்ற பெண் டாக்டர் 1959-லேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். கைக்கு மருந்துதான் இல்லை. 1980-ல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற டாக்டர், மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்ததை மருந்தாக்கிக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திக் காட்டினார். இன்று உங்களிடம் 'அவசரம்' என்று எழுதிக்கொடுத்து வாங்கி வரச் சொல்கிறார்களே ஒரு சின்னக் குப்பி, விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறதே, அது இந்த வம்சம்தான்! பேட்ரிக் அளவு குழந்தைகள் இன்று பெரும்பாலும் பிழைத்து வீடு திரும்பிவிடுகின்றன.

(கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. 34 வாரத்துக்குள் வலி வந்தால் 'சூட்டு வலி' என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். அந்த நேரத்தில் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைச் சீக்கிரம் பக்குவப்படுத்திவிடும். 1972-ல் நியூஸிலாந்து டாக்டர்கள் நிரூபித்த விஷயம் இது. ஊசி வேலை செய்யக் கொஞ்சம் நேரம் வேண்டும், அதனால் சீக்கிரம் போங்கள்.)

உள்ளே போய்ப் பார்க்கலாம்

கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வார்கள். மோதிரம், வளையல், வாட்ச், சாமிக் கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். கோபம் வேண்டாம். பூஞ்சை உடம்புக்குக் கிருமிதான் முதல் எதிரி.

உள்ளே ஒரே பீப்... பீப்... சத்தம். பெட்டி என்பது குழந்தையைச் சூடாக வைத்திருக்க. தோலுக்கடியில் கொழுப்பே சேராத உடம்பு சில நிமிஷத்தில் குளிர்ந்துவிடும். மூக்கில் செருகி, தண்ணீருக்குள் குமிழ் விடுகிற குழாய், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் லேசான அழுத்தத்தில் திறந்து வைப்பதற்கு. தொப்புளில் போகும் மெல்லிய குழாயில் மருந்தும் குளுக்கோஸும். பாதத்தில் சிவப்பாக மின்னுகிறதே, அது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் விளக்கு. வலிக்காது.

அந்த நம்பரில்தான் நிறையப் பேர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். ''தொண்ணூத்தி ரெண்டுதாங்க காட்டுது. நூறு வரலியே!'' என்று நர்ஸிடம் சண்டைக்கே போன அப்பாக்கள் உண்டு. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும் குறைமாதக் குழந்தைக்கு நூறு வரக்கூடாது, ஐயா! 90-லிருந்து 95-க்குள் வைத்திருக்கத்தான் பாடுபடுகிறார்கள். 1940-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 'எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதானே' என்று ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தார்கள். உயிர் பிழைத்த ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பார்வை போயிற்று. விழித்திரை ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்ததுதான் காரணம் என்று புரிய பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அதனால் நூறு வரவில்லையே என்று அழாதீர்கள்.

அலாரமும் அப்படித்தான். குழந்தை காலை உதைத்தாலும் அடிக்கும். நர்ஸ் முகத்தைப் பாருங்கள். அவர் நடந்து வந்தால் ஒன்றுமில்லை. சில சமயம் நிஜமாகவே குழந்தை இருபது விநாடி மூச்சு விட மறந்துவிடும், மூளையில் அந்தப் பகுதி இன்னும் பழகவில்லை. காலில் லேசாகத் தட்டினால் ஞாபகம் வந்துவிடும். அதற்கு ஒரு மருந்தும் தருவார்கள். என்ன தெரியுமா? கஃபீன். நம்ம காலை காபியில் இருக்கிற அதேதான்!

நீல விளக்கைக் கண்டும் மிரள வேண்டாம். மஞ்சள் காமாலைக்கு அது. ரத்தத்தில் சேரும் மஞ்சள் நிறப்பொருளை உடைத்து வெளியேற்ற அந்த வெளிச்சம் உதவுகிறது. விளக்கு வெளிச்சம் படாமல் கண்ணைக் கட்டியிருப்பார்கள், அவ்வளவே.

அம்மா எங்கே?

இந்தக் கலாட்டாவில் எல்லோரும் மறந்துபோகிற ஒரு ஆள் உண்டு. மாடியில், தையல் வலியோடு, பக்கத்தில் காலித் தொட்டிலோடு படுத்திருப்பவர். சுற்றிலும் மற்றக் குழந்தைகளின் அழுகை. வருகிறவர்கள் எல்லாம் ''பப்பாளி சாப்பிட்டியா? பஸ்ஸில் போனியா?'' என்று விசாரணைக் கமிஷன் நடத்துவார்கள். ரத்த அழுத்தம், கிருமித் தொற்று, இரட்டைக் குழந்தை என்று குறைப்பிரசவத்துக்குக் காரணங்கள் பல. எந்தக் காரணமும் தெரியாமல் நடப்பதும் ஏராளம். விசாரணைக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துவது கணவரின் முதல் டியூட்டி. இரண்டாவது, ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்டு, செல்போனில் குழந்தையைப் படம் எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் காட்டுவது. முகத்தைப் பார்க்காத குழந்தையை நினைத்து அழுவதற்கும், பார்த்துவிட்டு அழுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அம்மாவுக்கும் வேலை உண்டு. டாக்டர், நர்ஸ் யாராலும் முடியாத வேலை! தாய்ப்பால்.

''குழந்தைதான் சப்பலையே, அப்புறம் எதுக்கு?'' என்பீர்கள். சப்பி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒழுங்காகச் சேர்த்துச் செய்ய 34 வாரம் ஆகவேண்டும். அதுவரை வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் பால் சொட்டும். அந்தப் பால் உங்களுடையதாக இருப்பதுதான் விசேஷம். குறைமாதக் குழந்தைகளின் குடலை அழுக வைத்து உயிருக்கே உலை வைக்கும் வியாதி ஒன்று உண்டு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது வெகு குறைவு.

பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் பீய்ச்ச ஆரம்பித்துவிடுங்கள். கையாலோ பம்பாலோ, நர்ஸ் சொல்லித் தருவார். இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியும் விடாமல், ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. முதல் நாள் மூன்று சொட்டுதான் வரும். ''இதைப் போய் எப்படிக் கொண்டு போய்க் கொடுக்கிறது?'' என்று வெட்கப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். அந்தச் சீம்பால் மூன்று சொட்டும் மருந்து. கொண்டு போய்க் கொடுங்கள். பாத்திரத்தைக் கொதிக்க வைப்பது, பெயரும் நேரமும் எழுதி ஒட்டுவது எல்லாம் ஆஸ்பத்திரி சொல்கிறபடி. நாலைந்து நாளில் பால் கூடும். எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்காவிட்டால், குழந்தை சப்பத் தயாராகும் நேரத்தில் பால் வற்றியிருக்கும்.

எவ்வளவு முயன்றும் போதவில்லையா? பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். 1989-ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது, இன்று தமிழ்நாட்டிலும் பல அரசு ஆஸ்பத்திரிகளில் உண்டு. மற்றத் தாய்மார்கள் கொடுத்ததைப் பரிசோதித்து, பாஸ்ச்சரைஸ் பண்ணித் தருகிறார்கள்.

குழாய்க்கும் மார்புக்கும் நடுவே ஒரு கட்டம் வரும். அப்போது நர்ஸ் எடுப்பது பாட்டில் அல்ல, நம்ம வீட்டுப் பாலாடைதான்! மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணத்தை இன்று பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். கொதிக்க வைத்துச் சுத்தமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

நெஞ்சோடு நெஞ்சாக...

1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் ஒரு ஆஸ்பத்திரி. ஒரே இன்குபேட்டரில் இரண்டு, மூன்று குழந்தைகள். கிருமி பரவிக் கொத்துக் கொத்தாகச் சாவு. எட்கர் ரே என்ற டாக்டர் யோசித்தார். கங்காரு என்ன செய்கிறது? அரைகுறையாகப் பிறந்த குட்டியைப் பைக்குள் போட்டு ஒட்டியே வைத்துக்கொள்கிறது. அதேபோல வெற்று மார்பில் குழந்தையை நிமிர்த்திப் படுக்கவைத்துத் துணியால் கட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் செய்தது, இன்று உலகமே செய்கிறது.

குழந்தைக்கு ஒரு தொப்பி, டயபர், சாக்ஸ் மட்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கு மூடாமல் இருக்கவேண்டும். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். முன்பெல்லாம் 'குழந்தை கொஞ்சம் தேறட்டும்' என்று நாள் கணக்கில் காத்திருப்பார்கள். இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆராய்ச்சி, ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பிறந்த கையோடு இப்படி வைத்தால் சாவு கால்வாசி குறைகிறது என்று காட்டிவிட்டது. அதனால் 'எப்ப ஆரம்பிக்கலாம், டாக்டர்?' என்று நீங்களே கேளுங்கள்.

அப்பாக்களே, சட்டையைக் கழற்றுங்கள்! அம்மாவுக்குக் காய்ச்சல், தையல் வலி என்றால் உங்கள் மார்பும் அதே சூடுதான். 'தீட்டு, பதினோரு நாள் ஆகட்டும்' என்று வீட்டில் சொன்னால், புண்ணியாகவாசனம் வீட்டுக்கு வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும்

முதல் வாரத்தில் எடை குறையும். பத்து சதவிகிதம், சில சமயம் அதற்கு மேலும். சகஜம். 'நேத்து நல்லா இருந்துச்சே' என்று நீங்கள் நிம்மதியாக இட்லி சாப்பிட உட்கார்ந்த அன்று, 'இன்ஃபெக்ஷன் மாதிரி இருக்கு, பாலை நிறுத்தியிருக்கோம்' என்பார்கள். தலையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள். பார்த்துவிடுவது நல்லது என்பதற்காக எடுப்பதுதான்.

ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி போட்டு இன்றைய எடை, எத்தனை மில்லி பால், மூச்சுக்கு என்ன உதவி என்று மூன்றே மூன்று எழுதுங்கள். வீட்டில் ஒரே ஒருவர் டாக்டரிடம் பேசட்டும். மாமா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம் கேட்டால் நாலு விதமாகக் காதில் விழும். இன்டர்நெட்டில் தேடினால் நாற்பது விதம்!

பணத்தையும் கேட்கக் கூச்சப்படாதீர்கள். 'ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாள் ஆகலாம்?' என்று முதல் நாளே கேளுங்கள். நகையை அடகு வைத்தபிறகு கேட்டுப் பயனில்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் பச்சிளங்குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 2011-ல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அங்கே சிகிச்சை, மருந்து இலவசம். மாற்றுவது என்று முடிவானால் துணியில் சுற்றிக் காரில் கிளம்பிவிடாதீர்கள். 108-ல் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே இன்குபேட்டர் வைத்த வண்டிகள் உண்டு. டாக்டரையே பேசச் சொல்லுங்கள்.

அம்மாவின் அழுகையும் கவனிக்க வேண்டியதுதான். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்காமல், தூக்கம் இல்லாமல், 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று பேசினால் அதுவும் ஒரு வியாதி. வைத்தியம் உண்டு.

வீட்டுக்கு வந்தாச்சு!

வாயால் குடிக்கிறது, பெட்டி இல்லாமலே சூடாக இருக்கிறது, எடை தினமும் ஏறுகிறது என்றால் அனுப்பிவிடுவார்கள். ஆரத்தி எடுங்கள், தப்பில்லை. ஆனால் சேனை தொட்டு வைப்பது, தேன், வசம்பு, கண்ணுக்கு மை, சாம்பிராணிப் புகை, எண்ணெய்க் குளியல் எல்லாவற்றுக்கும் தடா! பாட்டிக்கு வருத்தமென்றால் டாக்டர் மேல் பழியைப் போடுங்கள்.

டிஸ்சார்ஜ் சந்தோஷத்தில் நிறையப் பேர் கோட்டை விடுவது கண் டெஸ்ட். 34 வாரத்துக்குள்ளோ இரண்டு கிலோவுக்குக் கீழோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தே ஆகவேண்டும். 28 வாரத்துக்கும் கீழே என்றால் இன்னும் முன்னதாக. வெளியே பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும், உள்ளே வளரும் கோளாறு அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உரிய நேரத்தில் லேசர் வைத்தால் பார்வையைக் காப்பாற்றலாம். நாலைந்து நாள் தள்ளிப்போட்டாலே கைமீறலாம். 'ஊரில் திருவிழா, முடிஞ்சு வர்றோம்' என்பதெல்லாம் இங்கே ஆகாது. காது டெஸ்ட்டும் உண்டு, அதையும் விடாதீர்கள்.

தடுப்பூசி, பிறந்த தேதியை வைத்துத்தான். வளர்ச்சிக் கணக்கு மட்டும் வேறு. 31 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் என்றால், நாலு மாதக் குழந்தை செய்வதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். எதிர் வீட்டுக் குழந்தை குப்புறக் கவிழ்ந்துவிட்டதே என்று ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள்.

பால் குடிக்க மறுத்தால், உடம்பு சில்லிட்டால் அல்லது கொதித்தால், மூச்சு நிமிஷத்துக்கு அறுபதைத் தாண்டினால், நெஞ்சு உள்வாங்கினால், உதடு நீலமானால், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழுந்திருக்காமல் துவண்டு கிடந்தால், நடுராத்திரி என்றாலும் கிளம்புங்கள். போகிற வழியெல்லாம் குழந்தை உங்கள் மார்போடு ஒட்டியே இருக்கட்டும். டிஸ்சார்ஜ் காகிதத்தையும் அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.