திண்டுக்கல்லில் மனை வாங்கப் போறீங்களா? முன்பணத்துக்கு முன்னாடி கைப்பேசியை எடுங்க

திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையிலோ பழனி சாலையிலோ நத்தம் சாலையிலோ கொஞ்ச தூரம் போனாலே போதும். மானாவாரிக் காட்டுக்கு நடுவில் கல் ஊன்றி, கொடி கட்டி, நுழைவு வளைவு வைத்த மனைப்பிரிவுகள் கண்ணில் படும். நான்கு வழிச்சாலை, 2014-ல் மாநகராட்சியான நகரம், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி என்று விளம்பரத்தில் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் ஊர் வளர்வது வேறு, நீங்கள் வாங்கும் மனையைப் பத்து வருடம் கழித்துச் சிக்கலில்லாமல் விற்க முடிவது வேறு. சேமிப்பையும் நகைக்கடனையும் போட்டு முதல்முறை மனை வாங்குகிறவர்கள் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2016-ல் நடந்தது நினைவிருக்கிறதா?

விளைநிலங்கள் கண்டபடி மனைகளாவதை எதிர்த்து வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. மகள் கல்யாணத்துக்கு விற்றுக்கொள்ளலாம் என்று நாலு சென்ட் வாங்கிப் போட்டவர்கள் எல்லாம் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். மனை இருந்தது, வாங்க ஆளும் இருந்தார், பதிவுதான் நடக்கவில்லை. பிறகு 2017 மே 4 அன்று அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டது.

அப்போது வாங்கியதை இன்னும் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். 2016 அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டுமனை என்று பத்திரம் பதிவாகியிருந்தால் அதை மறுபடி விற்றுப் பதிவு செய்ய வழி உண்டு. ஆனால் வரன்முறை செய்யாத மனையில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. வீடு கட்ட முடியாத மனைக்கு வருகிறவர் அடிமாட்டு விலைதான் கேட்பார். அதனால் விற்க நினைப்பவர்கள் முதலில் வரன்முறை செய்துவிட்டு விலை பேசுவதுதான் லாபம். அதற்கான கால அவகாசம் பல முறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தளத்தில் அன்றைய தேதி நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீர்நிலை, வாய்க்கால், அரசுப் புறம்போக்கு ஆகியவற்றில் விழும் மனைக்கு எந்த அவகாசம் வந்தாலும் வரன்முறை கிடையாது.

“பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்”

இப்போதும் காதில் விழும் வசனம் இது. ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் ஆகாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டி.டி.சி.பி.யின், தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, உங்களுக்குக் காட்டிய மனை எண் அதில் இருக்கிறதா, அந்த இடத்தில் பூங்காவோ பொது இடமோ குறிக்கப்பட்டிருக்கிறதா என்று நேரிலே நின்று ஒப்பிடுங்கள். முதல் கட்டத்துக்கு ஒப்புதல் வாங்கிவிட்டு, பக்கத்துக் காட்டையும் சேர்த்து “இரண்டாம் கட்டம்” என்று விற்பதும் நடக்கிறது. வரைபடம் இருந்தால் இது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது ரெரா. மனைப்பிரிவின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், அல்லது 8 மனைகளுக்கு மேல் இருந்தால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விற்றுத்தரும் முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும். துண்டறிக்கையில் இருக்கும் ரெரா எண்ணை ஆணையத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். எண் இருக்கும், ஆனால் அது வேறு திட்டத்தின் எண்ணாக இருக்கும்!

மாதத் தவணைத் திட்டங்களில் சேர்ந்தவர்கள் ஒரு பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. மாதம் 3,000 வீதம் ஒரு அட்டையில் கையெழுத்து மட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறீர்களா? கட்டிய தொகை பத்து சதவீதத்தைத் தாண்டியிருந்தால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். தட்டிக்கழித்தால் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். சொன்ன தேதியில் மனையை ஒப்படைக்காவிட்டால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கும் உரிமையும் இதே சட்டத்தில் இருக்கிறது. ரசீதும் வங்கிக் கணக்கு விவரமும் இருந்தால்தான் புகார் நிற்கும். நில விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டமும் இடம் கொடுப்பதில்லை. ஆக, வங்கி வழியாகவே கொடுங்கள்.

கைப்பேசியில் என்னென்ன பார்க்கலாம்?

பதிவுத்துறை தளத்தில் சர்வே எண் கொடுத்தால் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பதின்மூன்று வருடம் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். குறைந்தது முப்பது வருடமாவது பாருங்கள். அதே தளத்தில் வழிகாட்டி மதிப்பும் இருக்கிறது. வருவாய்த்துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் கிடைக்கும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஒரு ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

புலப்படத்தைப் பலரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஓடையும் வண்டிப்பாதையும் அதில்தான் தெரியும். சிறுமலை அடிவாரத்திலிருந்து இறங்கும் ஓடைகளில் வருடத்தில் பாதி நாள் தண்ணீர் இருக்காது. கோடையில் போய்ப் பார்த்தால் சமதரைதான்.

ஆனால் வில்லங்கச் சான்றில் எல்லாமே வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் இருக்கும். வாரிசுப் பங்கு அதில் வராது, பதிவு செய்யாத உயிலும் வராது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கும் பெரும்பாலும் தெரியாது. அப்பா சொத்தை அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள் என்றால், “அக்கா தங்கச்சி யாரும் இல்லையா?” என்று கேட்டுவிடுங்கள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே உரிமை கொடுத்தது. 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் அதை விரிவாக்கியது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்று தரகர் சொல்வதை நம்பி வாங்கினால் வழக்கைச் சந்திக்கப்போவது நீங்கள்தான். பத்திரம் பதிவாகிவிட்டதாலேயே விற்றவருக்கு உரிமை இருந்தது என்று ஆகிவிடாது. உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பொது அதிகாரம் பெற்றவர் விற்கிறார் என்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் விசாரியுங்கள்.

இந்தப் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். காந்திகிராமம், வத்தலக்குண்டு வட்டாரம் பூமிதான இயக்கம் வேரூன்றிய மண். தானமாக வந்து நிலமற்றவர்களுக்குப் பிரித்துத்தரப்பட்ட நிலத்தை அவர்கள் இஷ்டத்துக்கு விற்க முடியாது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம் ஆகியவையும் இதே மாதிரிதான். அ-பதிவேட்டில் வகைப்பாட்டைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். விலை ரொம்பக் குறைவு என்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

தண்ணீர் எப்படி?

தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடந்த ஊர் இது. மதுரை சாலை, வத்தலக்குண்டு சாலைப் பக்கம் தொழிற்சாலைகளை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பேறியிருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆழ்துளைக் கிணறு போட்டுத்தான் வீடு கட்ட வேண்டும் என்ற இடத்தில், பக்கத்து வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் 2,000 வரைதான் குடிநீருக்கான தரநிலை ஏற்கிறது. சில நூறு ரூபாயில் முடிகிற வேலையை யாரும் செய்வதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

கணக்கைப் போட்டுப் பாருங்க

சதுர அடி 500 ரூபாய் வீதம் 1,200 சதுர அடி மனை என்று வைத்துக்கொள்வோம். விலை 6 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்த்து 54,000. எழுத்துக்கூலி, இதர செலவு 6,000 என்றால் மொத்தம் 6.60 லட்சம். இந்தப் பணத்தை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 9.25 லட்சம் ஆகும். அப்படியானால் உங்கள் மனை ஐந்து வருடத்தில் சதுர அடி 771 ரூபாய்க்குப் போனால்தான் வங்கி வட்டிக்குச் சமம். தரகுக்கும் வரிக்கும் அப்புறம் பார்த்தால் அதற்கும் மேலே போக வேண்டும். தனிவட்டிக்குக் கடன் வாங்கி மனை வாங்குவது ஏன் வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 2025 ஏப்ரல் 1 முதல் இந்தச் சலுகை நடைமுறையில் இருக்கிறது. மேலே சொன்ன மனைக்கு 6,000 ரூபாய் மிச்சம்.

ஏற்கெனவே இரண்டு மூன்று மனை வாங்கிப் போட்டு, தவணையும் கட்ட முடியாமல் விற்கவும் முடியாமல் இருப்பவர்கள், எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அங்கீகாரமும் பட்டாவும் தெளிவாக உள்ள ஒன்றை விற்று வட்டிக்கடனை அடைத்துவிட்டு, அந்த நிம்மதியில் மற்றதற்குப் பட்டா மாறுதலும் வரன்முறையும் செய்யலாம். பட்டா மாறுதலுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். உட்பிரிவு தேவைப்பட்டால் நில அளவர் நேரில் வந்து அளப்பார். அன்று நீங்களும் அங்கே இருங்கள், நாலு மூலைக் கல்லையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.