நிலையோட்டத்தில் அணையும் எஞ்சின்

2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன், படுவான்கரை செல்வோர் பாதைக்காகத் துறையிற் காத்திருந்தனர். பாலங் கண்ட பின்னரும், கைப்பிடியைத் தளர்த்தியதும் சந்தியில் அணையும் வண்டிகளுக்குக் குறைவில்லை. காரணத்தை நாம் ஆராய்வாம்.

காபுரேற்றர் பூட்டிய எஞ்சினில், நிலையோட்டத்தின்போது காற்றுக்கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். பெற்றோல் மிக நுண்ணிய துளையுடைய சிறு ஜெற் வழியே வரும். விரைந்தோடுகையிற் பெரிய ஜெற்றே ஊட்டுதலின், சிறியது அடைபட்டமை தெரிவதில்லை. எஞ்சின் சூடேறிய பின் சோக்கைச் சிறிது இழுத்துப் பார்க்க. அணையாது நின்றால் கலவையிற் பெற்றோல் குறைவென்பது துணிபு. இனி, அடைப்போ காற்றுக் கசிவோ? காபுரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள பொருத்தைச் சுற்றிச் சவர்க்கார நீர் தெளிக்க. ஓட்டம் மாறினால் கசிவு அங்கேயாம். மாறாவிடின் ஜெற்றைக் கழற்றி ஊதுக; கம்பியாற் குத்தற்க, துளை பெருத்துவிடும். சோக் இழுத்ததும் முன்னிலும் விரைந்து அணையுமாயின் பெற்றோல் மிகை. பிளக்கிற் கரி படிந்திருக்கும், காற்று வடிகட்டியையும் நோக்குக.

திருகை முறுக்கி ஓட்டத்தைக் கூட்டிவைப்பார் பலர். அது நோயை மறைத்தலேயன்றி மருந்தன்று. காபுரேற்றரில்லாத இக்காலக் கார்களிற் காற்றுக்கதவின் விளிம்பிற் படியும் கரியை முதலிற் பார்த்தல் தகும். காரில் இது வெறுந் தொல்லையுமன்று: எஞ்சின் அணைந்தபின் ஓரிருமுறை மிதித்ததும் பிறேக் கல்லாய் இறுகிவிடும்.