தூங்கின பேதுருவும் ஜெபித்த சபையும்

வாசிக்க: அப்போஸ்தலர் 12:1-17, சங்கீதம் 3, 1 இராஜாக்கள் 19:1-8

"ராத்திரி கண்ணே மூடல பாஸ்டர், ஜெபிச்சுக்குங்க" என்கிற ஜெபக்குறிப்பு வராத வாரம் குறைவு. வட்டிக்கடன், மகள் கல்யாணம், மில் ஷிப்ட், குடிக்கிற புருஷன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பாரம். அதோடு சிலர் இன்னொரு பாரத்தையும் சுமக்கிறார்கள். "விசுவாசம் இருந்தா தூக்கம் வராமலா போகும்?" என்று யாரோ சொல்லிவிட்ட வார்த்தை அது.

ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுவிட்டு, பேதுருவையும் சிறையில் போட்டான். விடிந்தால் ஜனங்களுக்கு முன் நிறுத்தப்போகிறான். அந்த இரவில் பேதுரு என்ன செய்தான்? முழு இரவு ஜெபமா? இல்லை! இரண்டு சங்கிலிகள், இரண்டு பக்கமும் சேவகர், நடுவிலே நல்ல தூக்கம். தேவதூதன் அவனை விலாவிலே தட்டித்தான் எழுப்பவேண்டியிருந்தது. அதே இரவில் மாற்குவின் தாயாகிய மரியாள் வீட்டிலே அநேகர் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். விழித்திருந்தவர்களும் விசுவாசிகள், தூங்கினவனும் விசுவாசி. "கெத்செமனேயிலே தூங்கினதற்காகக் கடிந்துகொள்ளப்பட்டானே?" என்று கேட்பீர்கள். அங்கே விழித்திருக்கச் சொல்லப்பட்டது. சிறையிலே அவனுக்காக விழித்திருக்க ஒரு சபை இருந்தது.

இதை உலகப்பிரகாரமாக ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் டெரன்ஸ் ஹில், கிறிஸ்டோபர் எலிசன் முதலானவர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பக்தி ஈடுபாடு அதிகமுள்ளவர்கள் பொதுவாக மற்றவர்களைவிட நன்றாகத் தூங்குகிறார்கள் என்பது அதன் சாரம். உடனே அல்லேலூயா சொல்லிவிடாதிருங்கள்! நன்றாகத் தூங்குகிறவன் ஞாயிறு காலையில் சுலபமாக எழுந்து ஆராதனைக்கு வந்துவிடுவான் என்பதும் உண்டல்லவா? எது காரணம், எது பலன் என்று இப்படிப்பட்ட ஆய்வால் மட்டும் தீர்த்துச் சொல்ல முடியாது. மேலும், 2011-ல் எலிசன் குழுவினர் பிரஸ்பிட்டேரியன் சபையாரிடம் நடத்திய ஆய்வில், விசுவாசத்தைப் பற்றிய சந்தேகங்களால் போராடுகிறவர்களுக்குத் தூக்கமும் குறைவாகவே இருந்தது. ஆகவே ஆலயத்துக்கு வருவதோடு காரியம் முடிந்துவிடவில்லை. தேவனைத் தகப்பனாக நினைத்துப் படுக்கிறோமா, பிரம்போடு நிற்கிறவராக நினைத்துப் படுக்கிறோமா? தாவீது சொந்த மகன் அப்சலோமுக்குப் பயந்து ஓடுகிற நாளிலும் படுத்துத் தூங்கினான். தரியு ராஜாவோ அரண்மனையிலே உபவாசமிருந்தும் தூக்கமில்லாமல் தவித்தான்.

சபை ஒரு வீட்டுக்குத் தூக்கம் கொண்டுவருகிற வழிகளில் முக்கியமானது குடியிலிருந்து விடுதலை. சாராயம் சீக்கிரம் கண்ணைச் சொருக வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். ஒருவன் குடியை விட்டால் அந்த வீட்டிலே நாலு பேர் தூங்குவார்கள். ஆனால் பல வருஷம் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஜெபத்தோடு டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். "விசுவாசத்தில் நிறுத்திட்டேன்" என்று தானாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும். பலத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்றுபோகிறதா? அது பிசாசின் பிடி அல்ல, வைத்தியம் உள்ள வியாதி. மனபாரம் தாங்கமுடியாதவர்கள் எந்நேரமும் 14416-க்கு இலவசமாகப் பேசலாம். 2022 முதல் செயல்படும் அரசாங்க மனநல உதவி எண் அது. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான்.

இனி நம்முடைய முழு இரவு ஜெபம். மாதத்தில் ஒரு இரவு தேவசமுகத்தில் விழித்திருப்பது நமக்கு ஆசீர்வாதமே, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து நூல் மில்களில் இரவு ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகளையும், விடியுமுன் பூப்பறிக்கப் போகிற நிலக்கோட்டைப் பக்கத்துத் தாய்மார்களையும் நினைத்துப்பாருங்கள். சரீரத்துக்குள் ஒரு கடிகாரம் உண்டு, அது வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. அது வேலைசெய்யும் விதத்தைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். இரவெல்லாம் உழைத்தவர் பகலில் படுத்தாலும் அந்தக் கடிகாரம் "எழுந்திரு" என்கிறது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். அவர்கள் முழு இரவு ஜெபத்துக்கு வரவில்லை என்றால், "பின்மாற்றமா சிஸ்டர்?" என்று கேட்கவேண்டாம். அவர்கள் பெயரைச் சொல்லி நாம் ஜெபிப்போம், அவர்கள் தூங்கட்டும். வந்த இடத்தில் கண் அசந்தாலும் சத்தம்போட்டு எழுப்பாதீர்கள். துரோவாவில் பவுலின் நீண்ட பிரசங்கத்தில் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஐத்திகுவைப் பவுல் இறங்கிப்போய் அணைத்துக்கொண்டாரே!

வீட்டு ஜெபம் வைக்கிறவர்கள், அடுத்த வீட்டில் இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருக்கிறவர் உண்டா என்று விசாரித்து நேரம் குறியுங்கள். மைக் வேண்டாம். அந்தப் பிள்ளை படுக்கிற அறை ஜன்னலுக்குக் கனமான பழைய போர்வை ஒன்றைக் கட்டிக்கொடுத்தாலும் அது ஊழியந்தான்.