காட்டுத் தீயும் அடிக்காடும்

மேற்கே ஏலமலை, தென்கிழக்கே மேகமலை, நடுவே முல்லைப் பெரியாறு. இப்பள்ளத்தாக்கில் வாழும் நாம் மலையின் மடியில் வளர்பவர்கள். கோடை தொடங்கியதும், சில இரவுகளில் அம்மலைகளின் மீது செந்நிறக் கோடுகள் நெளிவதைக் காண்கிறோம். தொலைவிலிருந்து பார்க்கத் தீபமாலை போல் தோன்றினாலும், அங்கே எரிவது நம் காடு. அந்தத் தீ எதைத் தின்று வளர்கிறது என்பதை அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

தீ முதலில் பற்றுவது எதை?

காடு எரிகிறது என்றவுடன் பெரிய மரங்கள் எரிவதாகவே நாம் எண்ணுகிறோம். ஆனால் தீ முதலில் பற்றுவது மரங்களின் கீழே உள்ள புல், பூண்டு, புதர், சருகு, சுள்ளி ஆகியவற்றைத்தான். இவற்றையே அடிக்காடு என்கிறோம். விறகடுப்பு மூட்டுபவர் கட்டை விறகில் நேரே தீக்குச்சியை வைப்பதில்லை. காய்ந்த ஓலையையும் சுள்ளியையும் கொளுத்தி, அதன் மேல்தான் கட்டையை வைப்பார். காட்டிலும் அப்படியே.

இதற்குக் காரணம் ஈரம். 6 மி.மீ.க்கும் குறைந்த பருமனுள்ள காய்ந்த புல்லும் சருகும், இரவுப் பனியில் நனைந்தாலும், வெயில் ஏறிய ஏறக்குறைய 1 மணி நேரத்தில் உலர்ந்துவிடும். 8 முதல் 20 செ.மீ. பருமனுள்ள பட்ட கட்டை உலர ஏறத்தாழ 1000 மணி நேரம், அதாவது 40 நாள்களுக்கு மேல் ஆகும். ஆகவே காலையில் ஈரமாக இருந்த மலைச்சரிவு நண்பகலில் தீக்குச்சிக்குக் காத்திருக்கும் வைக்கோற்போர் ஆகிவிடுகிறது.

தரையோடு ஓடும் தீயைத் தரைத்தீ என்பர். புதர்கள் உயர்ந்து வளர்ந்திருந்தால், அவற்றையே ஏணியாகக் கொண்டு தீ மரத்தின் உச்சிக்கு ஏறிவிடும். அது உச்சித்தீ. அதை அணைப்பது மிகக் கடினம்.

தீயோடு பழகிய பைன் மரங்கள்

உலகில் சில காடுகள் தீயோடு வாழப் பழகியவை. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வளரும் நீள் ஊசியிலைப் பைன் அத்தகையது. அதன் இளங்கன்று சில ஆண்டுகள் புல் கொத்துப் போலவே நின்று, தன் குருத்தை நீண்ட இலைகளால் மூடிக் காக்கிறது. வளர்ந்த மரத்துக்குத் தடித்த பட்டையே கவசம். அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெல்லிய தீ அடிக்காட்டைத் துப்புரவு செய்கிறது. வெறும் மண் கிடைப்பதால் பைன் விதைகளும் முளைக்கின்றன. தீயே வராமல் தடுத்தால் புதர் மண்டுகிறது; பின்னர் வரும் தீ பெருந்தீயாகி, தீயைத் தாங்கிய அம்மரங்களையே கொன்றுவிடுகிறது. எனவே வனத்துறையினரே தக்க பருவம் பார்த்து அடிக்காட்டை அளவாக எரிக்கிறார்கள்.

நம் நாட்டில் உத்தரகாண்டின் சீர் பைன் மரமும் தடித்த பட்டை உடையது. கோடையில் உதிரும் அதன் ஊசியிலைகளில் பிசின் உள்ளதால் அவை எளிதில் பற்றிக்கொள்கின்றன.

நம் சோலைக்காடுகளோ இப்படிப்பட்டவை அல்ல. ஈரத்தில் வளர்ந்த அம்மரங்கள் தீயைத் தாங்கா. ஆகவே பைன் காட்டுக்கு ஏற்ற மருந்து சோலைக்காட்டுக்கு நஞ்சாகும் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

குரங்கணி தந்த பாடம்

நம் தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், 2018 மார்ச் 11 அன்று பரவிய தீயை நாம் மறக்க முடியாது. மலையேற்றம் சென்று திரும்பிக்கொண்டிருந்தவர்களை அது சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கே அடர்ந்த மரங்கள் இல்லை. சரிவெங்கும் உயர்ந்து வளர்ந்து காய்ந்த புல்லே இருந்தது. ‘வெறும் புல்தானே’ என்று நாம் எண்ணும் பொருளே அத்தனை உயிர்களைக் குடித்தது.

மலைச்சரிவில் தீ மேல்நோக்கியே விரையும். கீழே எரியும் தீயின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் கணக்கு. அதனால்தான், எரியும் சரிவுக்கு மேலே நிற்பதும் தீயை முந்திவிடலாம் என்று மேல்நோக்கி ஓடுவதும் பேராபத்து.

நாம் செய்யத்தக்கவை

கோடைக்கு முன்பே வனத்துறையினர் புல்லையும் சருகையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கின்றனர். உணவில்லாத இடத்தில் தீ நின்றுவிடும் என்பதே இதன் தத்துவம். அழகுக்காக அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி இன்று நம் காடுகளில் மண்டி, தீக்கு ஏணியாக நிற்கிறது. அதை அகற்றுவதும் காட்டைக் காப்பதாகும். நீலகிரியில் பழங்குடி மக்கள் அதன் தண்டுகளைக் கொண்டு முழு அளவு யானை உருவங்களைச் செய்கின்றனர். தீக்கு இரையாக வேண்டியது கைத்தொழிலாகிறது!

நம் நாட்டில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் கையாலேயே தொடங்குகிறது. அணைக்காத பீடித்துண்டு ஒன்று போதும். ஆகவே தோழியரே, மலைக்குச் செல்லும்போது அங்கே அடுப்பு மூட்ட வேண்டாம். அனுமதியின்றிக் காட்டுப் பாதையில் நுழைய வேண்டாம். புகை கண்டால் உடனே வனத்துறைக்குத் தெரிவிப்போம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை எடுத்துரைப்போம்.

மலையில் புல்லும் வேரும் கருகினால் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும்; ஊற்றுகள் வற்றும். காட்டின் காலடியைக் காத்தால் அதன் தலை தானே நிமிர்ந்து நிற்கும். அடிக்காட்டை அறிவோம்! மலைவளம் காப்போம்!