ஈரத் தானியமும் எலுமிச்சை வாகனமும்

உயர்தரப் பொருளியலில் நிறைபோட்டிச் சந்தையின் பண்புகளை வரிசையாக மனனம் செய்கிறோம். எண்ணற்ற வாங்குவோர், எண்ணற்ற விற்போர், ஓரினப் பண்டம், தடையற்ற நுழைவும் வெளியேற்றமும். கடைசியில் ஒன்று வரும்: வாங்குவோருக்கும் விற்போருக்கும் சந்தை பற்றிய பூரண அறிவு இருக்கும். இந்த ஒரு நிபந்தனை இல்லாமற் போனால் சந்தைக்கு என்ன நடக்கும் என்று ஒருவர் கேட்டார். ஜோர்ஜ் அகர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார்.

நம் அயலவர்கள் புதிய வாகனம் வாங்கினால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அமெரிக்கப் பேச்சு வழக்கிலோ வாகனமே எலுமிச்சையாகிவிடும். வெளியே பளபளப்பாகவும் உள்ளே கோளாறாகவும் இருக்கும் காரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அகர்லொஃப் தமது ஆய்வுக் கட்டுரைக்கு 'எலுமிச்சைகளின் சந்தை' என்ற பொருள்படத் தலைப்பிட்டார். மூன்று சஞ்சிகைகள் அதை ஏற்கவில்லை. 1970 இல் நான்காவது இடத்தில் வெளிவந்தது. 2001 இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகிய இருவருடன் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அவர் சொன்னது எளிமையானது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் நல்ல காருக்கும் கெட்ட காருக்கும் இடைப்பட்ட ஒரு விலையைத்தான் கொடுக்கத் துணிவார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் விற்காமல் ஒதுங்கிவிடுவார். சந்தையில் கெட்டவை பெருகும், விலை இன்னும் இறங்கும், மிச்சமிருந்த நல்லவையும் போய்விடும். பொய் சொல்பவர் ஒரு வாங்குபவரை மட்டும் ஏமாற்றவில்லை, உண்மை சொல்லும் விற்பனையாளரின் பிழைப்பையும் கெடுக்கிறார் என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்தப் பாடத்தை நமது நாட்டு வாகனச் சந்தையில் வைத்துப் பார்க்க மிகப் பொருத்தமானது, காப்புறுதி நிறுவனம் 'முழு இழப்பு' என்று கைவிட்ட பின்னர் மீண்டும் தெருவுக்கு வரும் வாகனம்தான். முழு இழப்பு என்றதும் சுக்குநூறாகிப்போன வாகனம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் ஒரு கணக்கு. இந்தச் சிந்தனை கப்பல்களிலிருந்து வந்தது. முற்றாக அழியாவிட்டாலும், மீட்டுத் திருத்தும் செலவு பொருளின் பெறுமதியை மிஞ்சுமானால் அதை முழு இழப்பாகவே கொள்ளலாம் என்று 1906 ஆம் ஆண்டின் பிரித்தானியக் கடல்சார் காப்புறுதிச் சட்டம் சொல்கிறது. மோட்டார் காப்புறுதியும் அதே வழியில் நடக்கிறது. இந்தியாவில் திருத்தச் செலவு காப்புறுதிப் பெறுமதியின் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்பது வழமை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. 50 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்த கார் ஒன்று மதிலில் மோதுகிறது. புதிய உதிரிப்பாகங்கள் போட்டுத் திருத்த 42 இலட்சம் வேண்டும். நிறுவனம் உரிமையாளருக்கு 50 இலட்சத்தைக் கொடுத்துவிட்டு உடைந்த காரைத் தான் எடுத்துக்கொள்கிறது. பின் கேள்விப்பத்திரம் கோரி 18 இலட்சத்துக்கு விற்கிறது. நிறுவனத்தின் கையால் போனது 32 இலட்சம். திருத்துவதை விட இதுவே மலிவு. இதுவரை யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வாங்கியவர் பழைய பாகங்களைத் தேடிப் போட்டு, டிங்கரிங் பெயின்டிங் எல்லாம் செய்து 14 இலட்சத்தில் வேலையை முடிக்கிறார். அவருக்கு அடக்க விலை 32 இலட்சம். நடந்ததைச் சொல்லி விற்றால் 38 இலட்சம் கிடைக்கலாம். சொல்லாமல் விற்றால் 50 இலட்சம். இடையிலுள்ள 12 இலட்சம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கான கூலி.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பத்து வருடம் ஓடிய காரும் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விலைபோனதை நாம் கண்டோம். விலை ஏற ஏற, உடைந்ததை ஒட்டி விற்பதன் இலாபமும் ஏறும்.

மோதிய வாகனம் மட்டுமல்ல, வெள்ளத்தில் மூழ்கியதும் இப்படி வரும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் நின்றன. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, கடுவலைப் பகுதிகள் மூழ்கின. மலையிலிருக்கும் பதுளைக்காரர் கார் வாங்கும்போது வெள்ளத்தை நினைக்கவே மாட்டார். ஆனால் கார் ஓடக்கூடிய பொருள் அல்லவா? கொழும்பில் நனைந்தது பண்டாரவளையில் விலைக்கு நிற்கலாம். வெள்ளத்தின் கெடுதி உடனே தெரியாது. வயர்களும் அவற்றின் இணைப்புகளும் மெல்ல மெல்லத் துருப்பிடித்து, மாதங்கள் கழித்து ஏதாவதொரு வளைவில் எஞ்சின் நின்றுபோகும்.

பெற்றோருக்கு உதவும் என்பதால் பார்க்கவேண்டிய சில அடையாளங்களை எழுதுகிறேன். கண்ணாடிகளின் மூலையில் சிறிய எழுத்தில் தயாரிப்பு அடையாளம் பொறித்திருக்கும். எல்லாவற்றிலும் ஒரே ஆண்டு இருக்க, ஒன்றில் மட்டும் வேறாக இருந்தால் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டது. ஏன் என்று கேட்க வேண்டும். பொனட்டைத் திறந்து கீல்களின் போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தால் பொனட் கழற்றப்பட்டிருக்கிறது. கதவோர றப்பரில் பெயின்ட் பட்டிருக்கிறதா, டிக்கியில் ஸ்பெயார் வீலைத் தூக்கினால் அடித்தகடு சீராக இருக்கிறதா, தரைவிரிப்பின் கீழும் ஆசனம் நகரும் தண்டவாளத்திலும் சேறோ துருவோ இருக்கிறதா? ஹெட்லைட்டின் உள்ளே நீர் பனித்திருந்தாலும் யோசிக்க வேண்டும். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் நான் சந்தேகப்படுவேன்.

முக்கியமானது எயார்பேக். ஒருமுறை விரிந்த எயார்பேக்கை மீண்டும் மடித்து வைக்க முடியாது. புதிது போட வேண்டும், அது விலை கூடியது. அதனால் சிலர் உள்ளே ஒன்றும் வைக்காமல் மேல்மூடியை மட்டும் ஒட்டிவிடுவார்கள். சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் எயார்பேக் விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் விளக்குடனோ வேறு விளக்குடனோ அதன் வயரை இணைத்து, எரிந்து அணைவது போலக் காட்டும் தந்திரமும் உண்டு. ஆகவே விளக்கை நம்பி முடிவெடுக்காமல் கணினிக் கருவி வைத்திருக்கும் கராஜில் காட்டுவது நல்லது. பசறை, லுணுகலை, எல்ல, வெல்லவாய என்று நம் பாதைகள் எல்லாம் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். சமதரையில் பொறுத்துப்போகும் குறையை இங்கே பொறுக்க முடியாது.

கண்ணால் காண முடியாததற்குப் பதிவேடு வேண்டும். பிரித்தானியாவில் 2017 ஒக்டோபர் 1 முதல் இப்படியான வாகனங்களை ஏ, பி, எஸ், என் என நான்காகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டும் மீண்டும் வீதிக்கு வரவே கூடாது. எஸ் என்பது உடற்சட்டத்தில் சேதம், என் என்பது மற்றச் சேதம். இவை திருத்தி ஓட்டத்தக்கவை. அமெரிக்காவில் 1992 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வழியாக, மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோனாலும் வாகனத்தின் பழைய கதையைத் தேடிப் பார்க்கும் தேசியத் தகவல் தொகுப்பு உருவானது. ஜப்பானில் ஏல நிலையங்கள் ஒவ்வொரு காருக்கும் பரிசோதனைத் தாள் எழுதுகின்றன. விபத்தில் சிக்கித் திருத்தியதாயின் 'ஆர்' என்று தரமிடுவார்கள். அங்கிருந்து வந்த ரீகண்டிஷன் வாகனமென்றால் அந்தத் தாளைக் கேட்டு, சேஸி இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நமது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கும் பதிவுச் சான்றிதழில் சேஸி இலக்கம், எஞ்சின் இலக்கம், உற்பத்தி ஆண்டு, நிறம், லீசிங் இருந்தால் அதன் உரிமையாளர், முன்னைய உரிமையாளர் எல்லாம் உண்டு. விபத்துக்கென ஒரு கட்டம் இல்லை. விற்பவரிடம் காப்புறுதிப் புதுப்பித்தல் கடிதத்தைக் கேட்பது ஒரு வழி. நட்டஈடு கோராமல் ஓட்டியவருக்கு வருடாவருடம் கழிவு கூடும். அண்மையில் அது திடீரென அற்றுப்போயிருந்தால் பெரிய கோரிக்கை ஒன்று போயிருக்கிறது.

இனி விடயத்தின் நடுவுக்கு வருகிறேன். இந்தக் குறையை அறிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். உரிமையாளர், காப்புறுதி மதிப்பீட்டாளர், கேள்விப்பத்திரத்தில் வாங்கியவர், கராஜ் பாஸ், பெயின்ட் அடித்தவர், உதிரிப்பாகம் விற்றவர், தரகர். ஏழு பேருக்குத் தெரிந்த செய்தி எட்டாமவருக்கு வந்து சேர்வதில்லை. அந்த எட்டாமவர்தான் பணம் கொடுப்பவர்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவத்தை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். அபூஹுரைரா (ரழி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவானது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்றுதான் நபியவர்கள் கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் சொன்னார்கள். இதில் நான் கவனிப்பது ஒன்று. நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை. ஈரம் மேலே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹு நூல்கள் இதை விரித்துப் பேசுகின்றன. குறை தெரியாமல் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு, தெரிந்ததும் தாமதிக்காமல் அதைப் பயன்படுத்த வேண்டும். 'எக்குறைக்கும் நான் பொறுப்பில்லை' என்று நிபந்தனையிட்டு விற்றாலும், தெரிந்தே மறைத்த குறைக்கு விற்றவரின் பொறுப்பு நீங்காது. என்னை நிறுத்தி வைத்த சட்டம் இன்னொன்று: விற்பவர் மட்டுமல்ல, குறையை அறிந்த மூன்றாமவரும் வாங்குபவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். நமது நாட்டின் 1896 ஆம் ஆண்டு 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலேயச் சட்டத்தைப் பின்பற்றியது. வாங்குபவர் தானே கவனமாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் தொடக்கம். வியாபாரிகளிடம் வாங்கும்போது சில பாதுகாப்புகள் உண்டு, மோசடிக்கு நிவாரணமும் உண்டு. வழக்குக்குப் போக எத்தனை பேரால் முடியும்? மூன்றாமவரின் மௌனத்தைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலையில்லை.

அந்த மூன்றாமவராக இருப்பது இலேசான காரியமல்ல. வாப்பா நகரில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். லீவு நாட்களில் நான் பில் எழுதுவேன். ஒருமுறை கராஜ்காரர் ஒருவர் ஒரே வாரத்தில் ஓர் எவ்ரி வானுக்கு முன் பம்பர், இடது ஹெட்லைட், ரேடியேட்டர், அதைத் தாங்கும் தகடு என்று வரிசையாக வாங்கினார். காப்புறுதி டெண்டரில் எடுத்ததாக அவரே சொன்னார். மூன்று மாதம் கழித்து லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் இளைஞர் பிரேக் பேட் விலை கேட்க வந்தார். வெளியே தரகருடன் அதே வான் நின்றது. அவருடைய அம்மா கொழுந்து பறித்து ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தையும், நகையை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து, பள்ளிக்கூட ஹயர் ஓட வாங்குகிறாராம்.

"தம்பி, வான எடுத்துட்டீங்களா, இனித்தானா?" என்று வாப்பா கேட்டார்.

"இன்னைக்குத்தான் அட்வான்ஸ் குடுக்கணும் முதலாளி. எங்கயும் அடிபடாத வண்டின்னு சொல்றாங்க."

வாப்பா பேசாமல் பில் புத்தகத்தைப் புரட்டி அவர் முன்னால் வைத்தார். தரகர் உள்ளே வந்து, "நானா, நீங்க யாவாரம் செய்றீங்களா, யாவாரத்தக் கெடுக்கிறீங்களா?" என்று சத்தம் போட்டார். அந்தக் கராஜ்காரர் அதன்பின் எங்கள் கடைக்கு வரவில்லை. மாதக் கணக்கில் அது தெரிந்தது. உம்மா கொப்பியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இளைஞர் அந்த வானை வாங்காமல் விடவில்லை. வேறொரு பாஸிடம் காட்டிச் சேஸி நேராக இருப்பதை உறுதி செய்துகொண்டார். எயார்பேக் இல்லை என்பது அங்கேதான் தெரிந்தது. கேட்ட விலையில் ஐந்து இலட்சம் குறைத்து வாங்கி, முதல் வேலையாக எயார்பேக்கைப் போட்டார். இப்போது காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வான் போகிறது. அவர் கேட்டதற்காக, மாற்றிய பாகங்களின் பட்டியலை வாப்பா கடை பில் ஒன்றில் எழுதிக் கொடுத்தார். அதைப் பதிவுச் சான்றிதழுடன் ஒரே உறையில் வைத்திருக்கிறார்.