குட்டான் கல்லைக் கடிக்கிறான்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டிவி சத்தத்தையும் மீறி ‘டக், டக்’ என்று கேட்கிறது, போய்ப் பார்த்தால் உங்கள் ஆமை குட்டான் தொட்டியின் அடியில் கிடக்கும் கலர் கல்லைக் கவ்வி மென்று துப்பிக்கொண்டிருக்கிறான், தீனியே இல்லாதபோதும் சில சமயம் வாய் அசைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பல் முளைக்கிறது என்று கடைக்காரர் சொன்னாராம். நம்பாதீர்கள்.

ஆமைக்குப் பல் கிடையாது. ஏறக்குறைய 22 கோடி ஆண்டுகளுக்கு முன் சீனாவில் வாழ்ந்த ஓர் ஆதி ஆமைக்கு இருந்தது. 2008-இல் அதன் புதைபடிவத்தைப் பற்றி எழுதினார்கள். இன்றுள்ள ஆமைகளுக்கெல்லாம் கிளிக்கு இருப்பதுபோல் அலகுதான். நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின். நகம் போலவே வளர்ந்துகொண்டும் இருக்கும். எதையாவது நொறுக்கித் தேய்த்தால்தான் அளவோடு நிற்கும்.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை என்கிறீர்கள். அப்படியானால் இவன் சிவப்புக்காது ஆமை. பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. அங்கே இருந்தால் நத்தையை ஓட்டோடு நொறுக்குவான், நீர்ச்செடியைப் பிய்த்துத் தின்பான். உங்கள் தொட்டியில் நொறுக்க என்ன இருக்கிறது? பாக்கெட்டில் வரும் உலர் இறால், அதை விட்டால் கலர் கல். சுண்ணாம்புச் சத்து போதாத ஆமை கல்லைக் கவ்வுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓட்டின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் குறை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

இதைப் படித்த கையோடு அந்தக் கற்களை அள்ளி வெளியே போடுங்கள். துப்புகிறவன் ஒரு நாள் விழுங்குவான், கல் குடலை அடைத்துக்கொள்ளும். அழகுக்குக் கல் வேண்டுமென்று உங்கள் பையன் அடம்பிடித்தால், குட்டானின் தலையைவிடப் பெரிய கூழாங்கல் நாலு போதும்.

வெறும் வாய் அசைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீருக்கடியில் வாய் மூடியிருக்க, தொண்டை மட்டும் பட் பட்டென்று ஏறி இறங்கினால் அது மெல்லுவதே இல்லை. தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விட்டு மோப்பம் பிடிக்கிறான். தீனி போட்டதும் அதிகமாகத் தெரியும், பயம் வேண்டாம். தின்று முடித்த பிறகு நாலைந்து முறை வாயைத் திறந்து மூடுவதும் அப்படித்தான். இவனால் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாது. வாயில் ஒட்டியதைத் தண்ணீரால்தான் தள்ள வேண்டும்.

வெயில் காயும் கல்மேல் உட்கார்ந்துகொண்டு, தின்ன எதுவும் இல்லாமல், நாளெல்லாம் மென்றால்தான் சங்கடம். என் முதல் ஆமை அப்படித்தான் மென்றது. ஏதோ பழக்கம் என்று பத்து நாள் விட்டுவிட்டேன். பதினோராம் நாள் இரண்டு கண்ணிமையும் வீங்கி மூடிவிட்டன. மருத்துவர் வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். நாக்கின் ஓரத்தில் திரிந்த பால்போல வெள்ளையாகப் படிந்திருந்தது. உலர் இறாலையே தின்று தின்று வைட்டமின் ஏ குறைந்து, வாய்க்குள் புண். பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மெல்லுவதோடு மூக்கில் குமிழி வந்தாலோ, ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தாலோ அது நுரையீரல் சளி. அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

வாயை நீங்களாகப் பிளந்து பார்க்காதீர்கள், அலகு விண்டுபோகும். தீனிக்கு வாய் திறக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். வைட்டமின் சொட்டு மருந்தையும் கடையில் கேட்டு வாங்கி ஊற்ற வேண்டாம், ஏ மிஞ்சினால் தோல் உரியும்.

லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டில் மாட்டுவார்களே, கடல் நுரை, கணவாய் மீனின் ஓடு. ஒன்று வாங்கி, முதுகுப் பக்கத்துக் கடினமான தகட்டைச் செதுக்கி எறிந்துவிட்டு, வெள்ளைப் பகுதியை மிதக்க விடுங்கள். முதல் இரண்டு நாள் மூக்கால் முட்டித் தள்ளுவான், பிறகு கடிப்பான். இறாலை எப்போதாவது கொடுங்கள். அன்றாடத்துக்கு ஆமைக்கென்று வரும் பெல்லட், முருங்கைக்கீரை, கேரட் துருவல்.

சுண்ணாம்பு உடம்பில் ஒட்ட வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சம் உதவாது, அந்தப் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலையில் அரை மணி நேரம் டப்பில் தண்ணீரோடு மொட்டை மாடியில் வையுங்கள், பாதி நிழலாக. யாராவது கூடவே இருக்க வேண்டும், காகம் கொத்தும். தொட்டுவிட்டு வந்ததும் பையன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். ஆமை பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அதற்காகவே அமெரிக்காவில் 1975-இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை விதித்தார்கள்.

நீங்கள் ஆவடியில்தானே இருக்கிறீர்கள்? வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஏற்கெனவே கல் எதையும் விழுங்கியிருக்கிறானா என்று எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். தண்ணீரில் வைத்துத் தூக்கிப் போகாதீர்கள். ஈரத்துணி விரித்த, காற்றோட்டமான டப்பா போதும்.

கடல் நுரையில் குட்டானின் அலகுத் தடம் விழுந்த அன்று, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் பையனை.

அன்புடன்,
உங்கள் சகோதரன்