கைதட்டலை வெட்டாதீர்கள்

கொச்சி மட்டாஞ்சேரியின் மாடியறைகளில் மெஹ்ஃபில் என்னும் பாட்டுக் கூடுகை நடந்தால் ஹார்மோனியத்தை ஒட்டி ஒரு டேப் ரெக்கார்டரும் உட்கார்ந்திருக்கும். 'நீலக்குயில்' படத்தில் பாடிய மெஹ்பூப் 1981-இல் காலமானார். கஜலை மலையாளத்தில் பாடிப் பரப்பிய உம்பாயி 2018-இல் போய்ச் சேர்ந்தார். பெயர் தெரியாமல் போன எத்தனையோ பாட்டுக்காரர்கள் வீட்டு அலமாரிக் கேசட்டுகளில்தான் மிஞ்சியிருக்கிறார்கள். அவற்றைக் குறுந்தகடாக்க ஆலைக்கு அனுப்பும்படி தயார் செய்யும் வேலையைச் சில காலமாகச் செய்துவருகிறேன்.

காயல்கரை ஈரம் நாடாவின் பெரிய எதிரி. கேசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. அதை நல்ல டெக்கில் போடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். தவறி அழித்துவிடாமலிருக்க மேல் விளிம்பின் பிளாஸ்டிக் நாக்கை முதலில் ஒடித்துவிடுங்கள். பிறகு டெக்கின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதன் கோணத்தைத் திருத்தும் சின்னத் திருகை, ஒலி மிகத் தெளிவாகும் இடம்வரை மெல்லத் திருப்ப வேண்டும். மங்கிய கேசட் என்று ஒதுக்கியதில் பாதி இந்தத் திருகிலேயே தேறிவிடும்.

அடுத்தது வேகம். பேட்டரியில் ஓடிய ரெக்கார்டரில் பேட்டரி தீரத் தீர நாடா மெதுவாக நகர்ந்திருக்கும். சரியான வேகத்தில் ஓட்டினால் கச்சேரி முடிய முடியப் பாடகரின் சுருதி ஏறிக்கொண்டே போகும். காதை நம்பி இதைத் திருத்தக் கூடாது. ஹார்மோனியத்தின் ரீடு ஒரே இரவில் சுருதி மாறாது. அதே பெட்டி இன்னும் அந்த வீட்டில் இருந்தால் ஒரு கட்டையை அழுத்திக் கேட்டு, அதற்கேற்ப வேகத்தைச் சரிசெய்யுங்கள்.

கணினிக்குள் 24 பிட்டில் ஏற்றுங்கள். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குவது கடைசி வேலை. அப்போது டிதர் என்னும் மெல்லிய இரைச்சலைச் சேர்க்க மறக்காதீர்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. 50 ஹெர்ட்ஸ் மின்முனகலை எடுப்பேன், நாடாவின் சீறலைக் கொஞ்சம் அடக்குவேன், அவ்வளவுதான். ஒரு கேசட்டில் பாட்டு நடுவே எழும் கூச்சலை வெட்டலாமா என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். "மோனே, அவன் 'ஒந்நுகூடி' என்று கத்தியதால்தானே இக்கா அந்த வரியை மறுபடி எடுத்தார்?" என்றார். 'ஒந்நுகூடி' என்றால் இன்னொரு தடவை, இக்கா என்றது பாடகரை. கத்தலை எடுத்துவிட்டால் பாட்டு காரணமில்லாமல் திரும்பி வருவதுபோல் கேட்கும்.

பாட்டுகளைப் பிரிப்பதிலும் இதே கவனம் வேண்டும். மென்பொருள் தானாகப் பாட்டுக்குப் பாட்டு 2 வினாடி மௌனம் வைக்கும். கைதட்டலுக்கு நடுவே அது விழுந்தால் ஆட்கள் செத்துப் பிழைத்ததுபோல் இருக்கும். முதல் பாட்டுக்கு முன்னே மட்டும் அந்த 2 வினாடி கட்டாயம், மற்றவற்றுக்குப் பூஜ்யம் வையுங்கள். குறுந்தகடு ஒரு வினாடியை 75 துண்டாகப் பார்க்கிறது. ஒரு துண்டுக்கு 588 சாம்பிள். தனித்தனிக் கோப்புகளாக வெட்டும்போது அந்த எல்லையில் வெட்டாவிட்டால் இணைப்பில் 'டிக்' என்று கேட்கலாம். சி-90 கேசட் முழுதாக 80 நிமிடத் தகட்டில் அடங்காது. எதை விடுவதென்று வீட்டாரே முடிவு செய்யட்டும்.

ஆலைக்கு, முழுத் தகட்டின் படிமமான டிடிபி கோப்பாக அனுப்புவதே நல்லது. வீட்டில் எரித்த தகட்டில் கீறலும் பிழையும் கூடவே போகும். பிரதிகளை அச்சிடுவதற்கான கண்ணாடி மூலத்தட்டு தயாரான பிறகு திருத்தம் என்றால் இன்னொரு தட்டுக்குக் காசு. சில நூறுக்குக் குறைவான பிரதிகளுக்கு அந்தச் செலவே வேண்டாம், எரித்த தகடு போதும்.

விற்பதானால் பாட்டு யாருடையது என்று பாருங்கள். இன்னொருவர் பாட்டைப் புதிதாகப் பாடி வெளியிட வழிவிடும் காப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியைக் கேட்கிறது. முந்நூறு தகடு போடுகிறவர் உரிமையாளரிடமே நேராகப் பேசுவது மேல்.

அட்டையில் கஞ்சம் காட்டாதீர்கள். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் 2004-இல் கொச்சி யூதப் பெண்களின் மலையாளப் பாட்டுகளைக் குறுந்தகடாக்கியபோது விளக்கக் கையேடும் சேர்த்தே வந்தது. நமக்கு ஒரு மடிப்புத் தாள் போதும். பாடகர் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தபலா வாசித்தவர் பெயரை யாரிடமாவது கேட்டு எழுதிய பிறகே நான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.